இலை கொட்டும் ஃபைக்கஸ் போன்சாய்: புதிதாக வளர்ப்பவர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வி, 11 ஜூன் 2024

அடி பருத்து, வேர்கள் கிழங்குபோல் மண்ணுக்கு மேலே தெரியும் ஃபைக்கஸ் போன்சாய் ஒன்று பிப்ரவரியில் எங்களுக்குப் பரிசாக வந்தது. சென்னையில், நான்காவது மாடியில், கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். ஏப்ரல் கடைசியில் இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கின. வெயில் காலம் என்பதால் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். மண்புழு உரம் ஒரு கைப்பிடி போட்டேன். ஜன்னலோரம், பால்கனி, மறுபடியும் கூடம் என்று இடத்தை மாற்றிப் பார்த்தேன். இப்போது பாதிக்கு மேல் இலை இல்லை. பதினைந்து வயது மரம் என்று நர்சரியில் சொன்னார்களாம். நான் இதற்கு முன் செடி வளர்த்ததில்லை. இது பிழைக்குமா? முதலில் எதைச் செய்ய வேண்டும்?

11 ஜூன் 2024, மாலை

முதலில் மரத்துக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சிறு கிளையின் பட்டையை நகத்தால் மிக மெதுவாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாகவும் ஈரமாகவும் இருந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் அந்தக் கிளை போய்விட்டது. நுனியில் தொடங்கி அடிமரம் நோக்கி இறங்கி வாருங்கள். பச்சை எந்த இடத்தில் தொடங்குகிறதோ அதுவரைதான் மரம் பின்வாங்கியிருக்கிறது. ஃபைக்கஸ் என்பது ஆல், அரசு, அத்தி, இச்சி எல்லாம் அடங்கிய இனம்; ஆகையால் உயிருள்ள இடத்தைக் கீறினால் பால் வடியும். அடிமரத்தில் பால் இருக்கும்வரை நம்பிக்கையை விட வேண்டாம், ஏனென்றால் இந்த இனம் வெறும் கட்டையிலிருந்தும் துளிர்க்கக் கூடியது.

இன்றைக்கு இதற்கு மேல் எதுவும் செய்யாதீர்கள். தண்ணீரும் வேண்டாம், இடமாற்றமும் வேண்டாம். நான்கு விவரங்களை மட்டும் பார்த்து எழுதுங்கள்: தொட்டியின் அடியில் துளை இருக்கிறதா, மேலே பரப்பியுள்ள கற்கள் தனித்தனியாக வருகின்றனவா அல்லது ஒட்டியிருக்கின்றனவா, தொட்டிக்குள் மூக்கை வைத்தால் என்ன வாடை வருகிறது, உதிர்ந்த இலைகள் மென்மையாக மஞ்சளித்து விழுந்தவையா அல்லது மொறுமொறுவென்று காய்ந்து விழுந்தவையா.

12 ஜூன் 2024

நீங்கள் எழுதிய விடைகளிலேயே நோய் தெரிந்துவிட்டது. கிளை நுனிகள் சில காய்ந்திருக்கின்றன, அடிமரம் பச்சையாக இருக்கிறது, கற்கள் பசை போட்டு ஒட்டப்பட்டிருக்கின்றன, அடியில் ஒரே துளை, அதற்குக் கீழே தட்டில் எப்போதும் தண்ணீர், இலைகள் மென்மையாக மஞ்சளித்து விழுகின்றன, தொட்டியில் புளித்த வாடை. இது வேர் அழுகல்.

இதில் பலருக்கும் பிடிபடாத ஒன்று உண்டு. வேர் அழுகிய மரமும் தண்ணீர் இல்லாத மரமும் மேலே பார்த்தால் ஒரே மாதிரி வாடும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. எனவே சேற்றில் நின்றுகொண்டே மரம் தாகத்தால் வாடுகிறது. அதைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுகிறோம், இன்னும் அழுகுகிறது. வேருக்கு நீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. மண்ணில் உள்ள இடுக்குகள் முழுவதும் நீரால் நிரம்பி நாள்கணக்கில் வடியாமல் நின்றால் வேர் மூச்சு முட்டிச் சாகும். செத்த வேரில் பித்தியம், ஃபைட்டோப்தோரா போன்ற அழுகல் கிருமிகள் குடியேறிப் பக்கத்து வேருக்கும் பரவும்.

ஆழமில்லாத தொட்டியில் இது ஏன் இவ்வளவு விரைவாக நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இது புரிந்தால் மற்ற எல்லாமே புரியும். எந்தத் தொட்டியிலும் தண்ணீர் ஊற்றி வடிந்து முடிந்த பிறகும் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு நீர் வடியாமல் தங்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது மண் துகளின் அளவுதான்; தொட்டி ஆழமாக இருந்தாலும் ஆழமில்லாமல் இருந்தாலும் அது மாறாது. பொடியான கலவையில் அந்த ஈர அடுக்கு 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 30 சென்டிமீட்டர் தொட்டியில் மேலே 25 சென்டிமீட்டருக்குக் காற்று இருக்கும். 6 சென்டிமீட்டர் போன்சாய்த் தட்டில் ஏறத்தாழ முழுவதும் சேறுதான். பாத்திரம் தேய்க்கும் பஞ்சை நனைத்துப் படுக்கவைத்துப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே நிமிர்த்திப் பிடித்தால் மறுபடியும் நீர் வழியும். பஞ்சும் அதேதான், நீரும் அதேதான், உயரம் மட்டுமே மாறியது.

இதனால்தான் போன்சாய்க்குத் தோட்ட மண் ஆகாது. ஜப்பானில் அகடாமா என்னும் சுட்டதுபோல் இறுகிய களிமண் உருண்டைகளையும், எரிமலைக் கல்லையும், பியூமிஸ் என்னும் நுண்துளைகள் கொண்ட இலேசான கல்லையும் சலித்துப் போடுவதன் காரணமும் இதுவே.

12 ஜூன் 2024, இரவு

இதற்கிடையில் மற்றவர்கள் சொன்ன சிகிச்சைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தொட்டியின் அடியில் ஓட்டுச் சில்லும் ஜல்லியும் போட்டால் வடியும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் செய்வதுதான். ஆனால் பொடி மண்ணுக்குக் கீழே பெரிய கல் இருந்தால், ஈர அடுக்கு அந்தக் கல்லுக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். வேருக்குக் காற்று கிடைக்கும் உயரம் இன்னும் குறையும். ஆழமில்லாத தொட்டியில் இது நேரடியான கெடுதல்.

பஞ்சகவ்யா, அரிசி கழுவிய நீர், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு எதுவும் இப்போது வேண்டாம். உறிஞ்ச வேர் இல்லாத மரத்துக்கு உணவு கொடுத்தால் அது மண்ணில் கிடந்து புளிக்கும், உப்பாகவும் சேரும். பஞ்சகவ்யா நல்ல பொருள்தான். மரம் எழுந்து நின்ற பிறகு லிட்டருக்கு 30 மில்லி கலந்து கொடுக்கலாம்.

கார்பெண்டசிம் என்னும் பூஞ்சைக்கொல்லியை ஊற்றச் சொன்னவருக்கு: பித்தியமும் ஃபைட்டோப்தோராவும் உண்மையான பூஞ்சைகள் அல்ல, அவற்றின் மீது கார்பெண்டசிம் வேலை செய்யாது. டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சை தடுப்புக்கு உதவும். புதுக் கலவையில் சேர்க்கலாம். ஆனால் சேறு சேறாகவே இருக்கும்போது எந்த மருந்தும் வேரைக் காப்பாற்றாது.

13 ஜூன் 2024

ஆகவே மண் மாற்றியாக வேண்டும். நலமான மரத்துக்குப் பருவம் பார்த்து மண் மாற்றலாம். அழுகும் மரத்துக்குப் பருவம் பார்க்க நேரமில்லை. ஆனாலும் ஃபைக்கஸ் வெப்பத்தில் வேர் விடும் மரம் என்பதால் ஜூன் மாதம் நமக்குச் சாதகம்தான். கத்திரி வெயிலும் முடிந்துவிட்டது.

சனிக்கிழமை செய்வதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு முன் கலவையைத் தயார் செய்துகொள்ளுங்கள். அகடாமாவை இணையத்தில் வாங்கலாம், விலை அதிகம், இந்த மரத்துக்குத் தேவையும் இல்லை. நன்றாக வெந்த செங்கல்லை உடைத்து, 2 முதல் 5 மில்லிமீட்டர் வரையுள்ள துண்டுகளைச் சல்லடையில் பிரித்தெடுங்கள். அது இரண்டு பங்கு. பெருமணல் அல்லது சிறு சரளை ஒரு பங்கு. பலமுறை கழுவிப் பிழிந்த கோகோபீட், அதாவது தென்னை நார்த் தூள், ஒரு பங்கு. கழுவாத கோகோபீட்டில் உப்பு இருக்கும். எம்-சாண்ட் போடுவதானால் தூசி முழுவதும் போகும்வரை அலசுங்கள். உண்மையில் கலவையில் எது இருக்கிறது என்பதைவிடத் தூசி இல்லை என்பதே முக்கியம். கழுவும்போது வாளியில் நீர் தெளிகிறதா என்று பாருங்கள். தெளியாவிட்டால் இன்னொரு முறை கழுவுங்கள்.

மரத்தை எடுப்பதற்கு முன், மேலே ஒட்டிய கல் அடுக்கைச் சிறு திருப்புளியால் ஓரத்திலிருந்து நெம்பிப் பெயர்த்துவிடுங்கள். அந்த அடுக்கு கடைக்காரருக்கு உதவும். பயணத்தில் மண் சிந்தாது. வாங்கியவருக்கோ அது மண்ணைப் பார்க்கவும் தொடவும் விடாத மூடி.

வேர்ப் பந்தை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் பழைய மண்ணைக் கோதி எடுங்கள். அப்போது எது நல்ல வேர், எது கெட்ட வேர் என்பது விரலுக்கே தெரியும். ஊருக்குப் போன நண்பர் ஒருவர் என்னிடம் விட்டுச் சென்ற இச்சி மரம் இதே நிலையில் இருந்தது. அழுகிய வேரை இரு விரலால் பிடித்து இழுத்தபோது கறுத்த மேல்தோல் கையோடு உருவிக்கொண்டு வந்தது, உள்ளே நூல் அளவுக்கு ஒரு நார் மட்டும் மிஞ்சியது. சாக்கடை வாடையும் அடித்தது. அதற்குப் பக்கத்திலேயே வெளிர் பழுப்பு நிறத்தில், நுனி வெள்ளையாக, இழுத்தால் இழுபடாமல் விறைத்து நிற்கும் வேர்களும் இருந்தன. நீங்கள் உருவிக்கொண்டு வருவதை எல்லாம் வெட்டுங்கள். விறைத்து நிற்பதில் ஒன்றையும் தொடாதீர்கள். நலமான மரத்தில் மூன்றில் ஒரு பங்கு வேரை வெட்டலாம் என்று படித்திருப்பீர்கள். அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது.

கிழங்குபோல் பருத்த வேர்களை அழுத்திப் பாருங்கள். எங்காவது மெத்தென்று அமுங்கினால் அந்த இடத்தைக் கத்தியால் செதுக்கி, கெட்டியான வெள்ளைப் பகுதி வரும்வரை போக வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே கத்தரியையும் கத்தியையும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். வெட்டிய பின் ஒரு மணி நேரம் நிழலில் ஆறவிடலாம்.

திரும்பவும் அந்த அழகான தட்டில் வைக்காதீர்கள். மிஞ்சிய வேர் அடங்கும் அளவுக்குச் சிறிய, சற்றே ஆழமான சாதாரண மண் தொட்டி போதும். சுடுமண் பக்கவாட்டிலும் ஈரத்தை விடும், ஆழம் இருப்பதால் காற்றும் கிடைக்கும். பெரிய தொட்டி வேண்டாம். வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும். துளையில் வலை வைத்து, அதன் வழியே ஒரு கம்பியை விட்டு மரத்தைத் தொட்டியோடு கட்டுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காற்றில் மரம் அசைந்தால் அப்போதுதான் விட்ட முடியளவு வேர்கள் அறுந்துபோகும்.

கலவையைக் கொட்டிக் குச்சியால் குத்திக் குத்தி இடைவெளிகளை நிரப்புங்கள், கையால் அமுக்காதீர்கள். துளையிலிருந்து தெளிந்த நீர் வரும்வரை ஊற்றுங்கள். பிறகு வெளிச்சமான நிழலில் வையுங்கள். உரம் இல்லை.

13 ஜூன் 2024, சற்று நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போயிற்று. பச்சையாக உள்ள கிளை நுனிகளில் ஒன்றிரண்டை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, அதே கலவையில் ஊன்றி, மேலே ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கவிழ்த்து வையுங்கள். ஃபைக்கஸ் குச்சி எளிதில் வேர் பிடிக்கும். தாய்மரம் போனாலும் அதன் கிளை உங்களிடம் இருக்கும். அந்தப் பருத்த அடி மட்டும் குச்சியிலிருந்து வராது.

24 ஜூன் 2024

மீதமிருந்த இலையும் கொட்டிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் மோசமான செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. வேரில் பெரும்பகுதி போன மரம் மேலுள்ள இலைகளைத் தன்னால் தாங்க முடிந்த அளவுக்குக் குறைத்துக்கொள்கிறது. அடிமரத்தில் இன்னும் பச்சை இருக்கிறது என்கிறீர்கள், போதும்.

ஆனால் தண்ணீர் விஷயம் இப்போது மாறிவிட்டது. இலை வழியாகத்தான் மரம் நீரைச் செலவழிக்கிறது. இலையே இல்லாத மரம் ஏறத்தாழ ஒன்றும் குடிப்பதில்லை. நாள் கணக்கு வைக்காதீர்கள். ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி வையுங்கள்; காலையில் உருவிப் பாருங்கள். பாதிக்குக் கீழே கருத்து ஈரமாக இருந்தால் அன்று தண்ணீர் இல்லை. கலவை மேலே உலர்ந்து, குச்சியின் அடியில் மட்டும் இலேசான ஈரம் தெரியும்போது ஊற்றுங்கள். ஊற்றும்போது சிறிதளவு தெளித்து நிறுத்தாமல், அடியில் ஒழுகும்வரை ஊற்றுங்கள். வடிந்து போகும் நீரின் பின்னாலேயே புதுக் காற்று மண்ணுக்குள் இழுக்கப்படுகிறது. ஜப்பானியப் பயிற்சிக்கூடங்களில் தண்ணீர் ஊற்றக் கற்க மூன்று ஆண்டு ஆகும் என்பார்கள். ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியாகப் பார்த்து ஊற்ற வேண்டியிருப்பதால் அப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெளிச்சமான நிழல் என்று நான் எழுதியதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இந்த மாதம் சென்னையில் பகலில் மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும், கடற்காற்று தாமதமாகத்தான் வரும். நான்காவது மாடிப் பால்கனியில் அந்த மேற்குக் காற்று நேராக அடித்தால் நிழலில் இருந்தும் பட்டை உலரும். ஒரு பெரிய பிளாஸ்டிக் உறையில் சில துளைகள் போட்டு மரத்தின் மேல் தளர்வாகக் கவிழ்த்துவிடுங்கள். அதன் மீது வெயில் படவே கூடாது, உள்ளே வெந்துவிடும். தினமும் சிறிது நேரம் திறந்து காற்றாட விடுங்கள்.

26 ஜூன் 2024

ஏ.சி. போட்ட அறையில் வைக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். காற்று வறண்டது, வெளிச்சமும் போதாது.

30 ஜூன் 2024

இதே பிரச்சினை என்று சொல்லி ஜூனிபர் மரத்தின் படத்தைப் போட்ட அன்பருக்கு. உங்களுடையது வேறு வகை. ஃபைக்கஸுக்குச் சொன்னதை அதற்குச் செய்யாதீர்கள். ஜூனிபர் குளிர்ப் பகுதி மரம், ஆண்டில் சில மாதங்கள் குளிரில் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வெளியில் வைத்தால் வாழும். சென்னைச் சமவெளியில், அதுவும் வீட்டுக்குள், அது மெல்ல மெல்ல இளைக்கும். இன்னொரு கொடுமை, ஜூனிபர் செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே தெரியும். வாங்கும்போதே அது இறந்திருக்கலாம், உங்கள் கவனிப்பில் குறை இருந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் வெயிலுக்கு இச்சி, ஆல், புளி, கொடுக்காப்புளி, போகன்வில்லா போன்றவை போதும்; அவற்றில் செய்ய முடியாத அழகு எதுவும் இல்லை.

போன்சாய் வீட்டுக்குள் வைக்கும் பொருள் என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. வாஷிங்டனில் உள்ள தேசிய மரப்பூங்காவின் போன்சாய் அருங்காட்சியகத்தில், யமாகி குடும்பம் 1976ல் கொடுத்த ஜப்பானிய வெள்ளைப் பைன் இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் வளர்க்கப்பட்டு வருவது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது, அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவில், தோட்டத்தில், ஒரு மதிலின் மறைவில் இருந்ததால் தப்பியது. அன்றைக்கும் அது திறந்தவெளியில்தான் நின்றது. கூடத்தில் மேசை மேல் வைத்து நான்கு நூற்றாண்டு யாராலும் ஒரு மரத்தை வளர்த்திருக்க முடியாது.

14 ஜூலை 2024

துளிர்! படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடிமரத்தின் தோளில் சிவப்புக் கலந்த பச்சையில் கூர்மையான மொட்டுகள் தெரிகின்றன. அவை விரியும்போது சின்ன உறையைக் கழற்றிப் போடும், அதைப் பார்த்து நோய் என்று அஞ்ச வேண்டாம். பிளாஸ்டிக் உறையை ஒரே நாளில் எடுத்துவிடாமல், துளைகளைப் பெரிதாக்கிக்கொண்டே போய் ஒரு வாரத்தில் எடுங்கள். அதன் பிறகு கிழக்குப் பால்கனியில் காலை வெயில் ஒரு மணி நேரம் படட்டும், மெல்லக் கூட்டிக்கொள்ளலாம்.

கீழே, பருத்த வேரிலிருந்தும் ஒரு துளிர் வந்திருக்கிறது. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். சந்தையில் 'ஜின்செங் ஃபைக்கஸ்' என்று விற்கும் மரங்களில் பெரும்பாலானவை தெற்குச் சீனாவில், குறிப்பாக ஃபூஜியன் மாகாணத்தில், விதையிலிருந்து வளர்க்கப்படுகின்றன. வேர் கிழங்குபோல் பருத்ததும் தலையை வெட்டிவிட்டு, சிறிய இலை விடும் வகையின் கிளையை ஒட்டுப் போடுகிறார்கள். ஒட்டுக்குக் கீழே வரும் துளிர் அடிமரத்தின் சொந்த இலையை விடும். அது பெரிதாகவும் வேறு வடிவிலும் இருக்கும். வலுவும் அதற்கே அதிகம், மேலுள்ளதை அமுக்கிவிடும்.

நலமான மரமாக இருந்தால் கீழ்த்துளிரை உடனே கிள்ளிவிடுங்கள் என்பேன். உங்கள் மரத்தில் இப்போது கிள்ள வேண்டாம். இந்த நிலையில் எந்த இலையானாலும் அது வேருக்குச் சர்க்கரை அனுப்பும் இலை. மேலே நான்கைந்து கிளைகள் நன்றாக விரிந்த பிறகு கீழுள்ளதை எடுத்துக்கொள்ளலாம்.

பதினைந்து வயது என்று சொன்னதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். வேரின் பருமன் வயதைக் காட்டாது. நிலத்தில் விட்டுச் சில ஆண்டு வளர்த்தாலே அந்த அளவு வந்துவிடும். வயது குறைவு என்பது உங்களுக்கு நல்லதுதான், இளமரம் விரைவாகத் தேறும்.

3 ஆகஸ்ட் 2024

புது இலை மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக வருகிறது என்கிறீர்கள். ஜூனில் வந்த மஞ்சளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அப்போது பழைய இலை முழுவதும் மஞ்சளாகி விழுந்தது. இப்போது இளம் இலையில், நரம்புகளுக்கு இடையில் மட்டும் மஞ்சள். இது இரும்புச் சத்தின் குறை. மண்ணில் இரும்பு இல்லாததால்தான் என்று இல்லை. தண்ணீரில் சுண்ணாம்பும் காரமும் அதிகமானால், இருக்கும் இரும்பையும் வேரால் எடுக்க முடியாமல் போகும்.

எந்தத் தண்ணீரை ஊற்றுகிறீர்கள் என்று கேட்டதற்கு, ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவு நீரை வீணாக்காமல் ஊற்றுவதாக எழுதினீர்கள். நீரை வீணாக்கக் கூடாது என்ற எண்ணத்தை மதிக்கிறேன். அந்த நீரில் உங்கள் போர் தண்ணீரில் இருந்த உப்பு அத்தனையும் இன்னும் செறிந்து இருக்கிறது. தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருப்பது அந்த உப்புதான். சின்னத் தொட்டியில் அது போக வழியில்லை. மழைநீர் கிடைத்தால் அதைப் போல் எதுவும் இல்லை. இல்லையென்றால் மெட்ரோ தண்ணீரை ஊற்றுங்கள். மாதம் ஒரு முறையாவது நல்ல நீரை நிறைய ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள்.

இரும்பு வாங்குவதானால் பொட்டலத்தில் இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்று இருக்கிறதா பாருங்கள்; இரும்பை வேர் எடுக்கும் வடிவில் பிடித்து வைக்கும் பொருளின் பெயர் அது. மலிவாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. (EDTA) வகை காரத் தன்மையுள்ள மண்ணில் நிலைக்காது. அட்டையில் சொன்ன அளவில் பாதி போதும். ஏற்கெனவே மஞ்சளான இலை முழுவதும் பச்சையாகாமலும் போகலாம், அடுத்து வருவதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இனி உரமும் தொடங்கலாம். முதல் இலைகள் முற்றிக் கரும்பச்சையாகிவிட்டன, ஆகையால் வேர் வேலை செய்கிறது என்று பொருள். எந்த உரமானாலும் சொன்ன அளவில் நான்கில் ஒரு பங்கு.

19 செப்டம்பர் 2024

இலை நடு நரம்போடு மடிந்து மூடிக்கொள்கிறது, ஈரம் போதவில்லையா என்ற கேள்விக்கு: மடிந்த இலை ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே மெல்லிய கறுப்புப் பூச்சிகள் ஓடும், வெளிர் நிறக் குஞ்சுகளும் முட்டைகளும் இருக்கும். இவை இலைப்பேன்கள், ஃபைக்கஸையே நாடி வரும் வகைகள் உண்டு. சென்னையில் சாலையோரம் வேலிக்கு வைத்த ஃபைக்கஸ்களிலும் மடிந்த இலைகளைப் பார்க்கலாம்.

வேப்பெண்ணெய் தெளித்தால் மடிப்புக்குள் போகாது. மடிந்த இலைகளைக் கிள்ளி, உறையில் போட்டுக் கட்டி எறியுங்கள், தரையில் போடாதீர்கள். அதற்குப் பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் நன்றாக அடித்துக் கலந்து, வெயில் தாழ்ந்த பின் புதுத் துளிர்களில் தெளியுங்கள். வாரம் ஒரு முறை, சில வாரங்களுக்கு. கிளைக் கவட்டில் வெள்ளைப் பஞ்சுபோல் இருந்தால் அது மாவுப்பூச்சி. அதைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தெடுங்கள்.

29 நவம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் நாளை கரையைக் கடக்கும் என்று வானிலை மையம் சொல்கிறது. பால்கனிச் சுவர் மேல் தொட்டி எதுவும் இருக்கக் கூடாது; மரத்துக்காக மட்டும் சொல்லவில்லை, கீழே நடப்பவர்களுக்காகவும்தான். சென்ற ஆண்டு மிக்ஜாம் புயல் நேரத்தில் என் மொட்டை மாடியில் இருந்த மரங்களை எல்லாம் தரையில் சுவரோரமாக இறக்கி வைத்தேன். மழை விடாமல் பெய்தபோது ஒவ்வொரு தொட்டியின் ஒரு பக்கத்துக்கும் கீழே செங்கல் துண்டைச் செருகிச் சாய்த்து வைத்தேன். ஜூனில் சொன்ன அந்தப் பஞ்சு நினைவிருக்கும்; தொட்டி சாய்ந்தால் உயரம் கூடுகிறது, தங்கும் நீர் தாழ்ந்த ஓரத்தில் ஒதுங்கி வடிகிறது, எதிர்ப் பக்கத்து வேர்களுக்குக் காற்று கிடைக்கிறது. அடித் தட்டையும் எடுத்துவிடுங்கள்.

மழை முடிந்த பின்னும் குச்சியைப் பார்க்காமல் ஊற்ற வேண்டாம். டிசம்பரில் வளர்ச்சி மந்தமாக இருக்கும், உரத்தையும் நிறுத்தி வையுங்கள்.

16 பிப்ரவரி 2025

படம் பார்த்தேன். இலை பளபளப்பாக, சிறியதாக, நெருக்கமாக இருக்கிறது. இனி வெட்டலாமா என்று கேட்கிறீர்கள். வெட்டலாம், ஆனால் கிளைக்குக் கிளை பார்த்து வெட்டுங்கள். ஆறு முதல் எட்டு இலை விட்டு நீண்ட கிளையை மட்டும் இரண்டு இலைக்குக் குறையுங்கள். நான்கு இலையோடு நிற்பதை விட்டுவிடுங்கள். உச்சியில் உள்ளது எப்போதும் வலுவாக ஓடும், ஆகையால் மேலே கூடுதலாகவும் கீழ்க் கிளைகளில் குறைவாகவும் வெட்டுங்கள். வடியும் பாலை ஈரத் துணியால் ஒற்றிவிடுங்கள், சிலருக்கு அது தோலில் அரிப்பு தரும். ஜூலையில் விட்டுவைத்த கீழ்த்துளிரை இப்போது அடியோடு எடுத்துவிடலாம், மேலே போதுமான கிளை வந்துவிட்டது. எல்லா இலையையும் உருவினால் இலை சிறுக்கும் என்று ஒருவர் சொன்னாரே, அது பல ஆண்டு வலுவாக நின்ற மரத்துக்கு உரியது. இந்த ஆண்டு வேண்டாம்.

கம்பி சுற்றுவதானால் ஒரு கிளையில் மட்டும் பழகிப் பாருங்கள். வெயில் ஏற ஏற ஃபைக்கஸ் விரைவாகப் பருக்கும்; மார்ச்சுக்குப் பிறகு வாரம் ஒரு முறை பார்த்து, கம்பி பட்டையில் பதியத் தொடங்கியதும் வெட்டி எடுங்கள். சுற்றிய வழியே திருப்பிக் கழற்றப் பார்த்தால் கிளை ஒடியும்.

பழைய தட்டுக்கு எப்போது மாற்றுவது என்ற கேள்விக்கு: அடித் துளையில் வேர் நுனி தெரியும்வரை இந்த மண் தொட்டியிலேயே இருக்கட்டும். தெரிந்தால் ஜூன் கடைசியில் மாற்றலாம். அந்தத் தட்டில் ஒரே துளைதான் என்றீர்கள். அதற்கு முன் டைல்ஸ் வேலை செய்பவரிடம் கொடுத்து இன்னும் இரண்டு துளை போட்டு வாங்கிவிடுங்கள்.